ஏற்றிய கூண்டை இறக்குவது யார்?

கேள்வி:

எனக்கு வயது 56. பண்ருட்டி பக்கத்தில் ஐந்து ஏக்கர் முந்திரித் தோப்பு, நடுவில் கொஞ்சம் பலா. 2011 தானே புயலில் ஒரே காலையில் எல்லாம் சாய்ந்துவிட்டது. பக்கத்து நிலத்துப் பங்காளி, நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். அவருடையது மானாவாரி, என் நிலத்தில் போர்க் கிணறு இருந்தது. நான் கடன் வாங்கி ஒட்டுச் செடி வைத்தேன். அடகு வைத்த மனைவியின் நகைகளை மீட்க முடியாமல், தாலிச் சங்கிலி உட்பட எல்லாம் ஏலத்தில் போயின. இன்றும் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். கடன் விஷயம் எதுவும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். மகன் சென்னையில் பொறியாளர், மகள் செவிலியர். இந்தத் தை மாதம் கடைசிக் கடனும் அடைந்தது. எல்லாரும் "போராடி ஜெயித்துவிட்டாய்" என்கிறார்கள். ஆனால் தினமும் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கைப்பேசியை எடுத்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கிறேன். ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்க முடியவில்லை. போன மாதம் மனைவி நகைக்கடைக்குப் போகலாமா என்று கேட்டபோது கத்திவிட்டேன். பொங்கலுக்கு வந்த மகன், "நீங்க கத்தினதுதாம்பா எனக்கு ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். இவ்வளவு பாடுபட்டு நான் என்னதான் ஜெயித்தேன்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பண்ருட்டி வட்டம்

கடலூர் மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது அது வெற்றி தோல்வியைப் பற்றிய கேள்வியாகத்தான் தெரிந்தது. மறுமுறை படித்தபோது, மூன்று மணி விழிப்பைப் பற்றிய வரியில் நின்றுவிட்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன். கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் பெரிய கேள்விக்கு, தூக்கம் கெட்ட நிலையில் இருக்கும் எவராலும் நேர்மையான பதிலைச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது என் அனுபவம்.

2011 டிசம்பர் 30 காலை, மணிக்கு 140 கிலோமீட்டர் வரையிலான காற்றுடன் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் போனது இரண்டு சன்னல் கதவுகளும் பல நாள் மின்சாரமும்தான். மின்கம்பங்கள் நட்டு விளக்கு எரிந்த அன்று எங்கள் தெருவைப் பொறுத்தவரை புயல் முடிந்துவிட்டது. உங்கள் பக்கத்தில் அது அப்படி முடியவில்லை. சில வாரங்கள் கழித்துப் பண்ருட்டிச் சாலையில் போனபோது, வேரோடு பெயர்ந்த பலா மரங்கள் செம்மண் ஒட்டிய வேர்களை மேலே தூக்கியபடி வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தேன். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தேடி வந்து வாங்கிப்போகும் பண்ருட்டிப் பலா, அன்று விறகாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. வீடு இடிந்தால் கட்டலாம், கடை நனைந்தால் சரக்கை மாற்றலாம். மரம் மட்டும் தன்னுடைய காலத்தில்தான் வரும். ஒட்டு முந்திரி மூன்றாம் ஆண்டில் பூக்கத் தொடங்கினாலும், ஒரு குடும்பத்தின் வட்டியையும் பள்ளிக் கட்டணத்தையும் தாங்கும் அளவுக்குக் காய்க்க ஏழெட்டு ஆண்டுகளாவது ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆண்டுகள்தான் உங்களை இப்படி ஆக்கியிருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். புயல் அடித்தது ஒரு நாள். செடி மரமாகிற வரையில் ஒவ்வோர் ஐப்பசியும் கார்த்திகையும் நீங்கள் மறுபடி மறுபடி அந்தப் புயலுக்காகக் காத்திருந்தீர்கள். 2015 நவம்பரில் நம் மாவட்டமே வெள்ளக்காடானது. 2020 மார்ச் இறுதியில், கொட்டை பொறுக்கத் தொடங்கும் நேரம் பார்த்து ஊரடங்கு வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. (அந்த இரவு நானே மூன்று முறை எழுந்து சன்னல் கொண்டியைத் தொட்டுப் பார்த்தேன். எனக்குத் தோப்பும் இல்லை, கடனும் இல்லை. நினைவுக்கு அது தெரியவில்லை.)

கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நீங்கள் அறிவீர்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எங்கோ வங்கக் கடலில் உருவாகும்போதே ஒன்றாம் எண்ணோ இரண்டாம் எண்ணோ ஏறும். நெருங்க நெருங்க எண் கூடும். ஆபத்து விலகியதும் வானிலை மையத்திலிருந்து தகவல் வரும், கூண்டை இறக்கிவிடுவார்கள். உங்களுக்குள் 2011இல் ஏற்றப்பட்ட கூண்டுக்கு அப்படித் தகவல் அனுப்ப ஒருவரும் இல்லை. கடன் அடைந்த செய்தி வங்கிக்குப் போனது, ஊருக்குப் போனது. உங்கள் உடம்புக்குப் போய்ச் சேரவில்லை.

இது ஏன் தானாகவே சரியாகிவிடுவதில்லை என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஆபத்தை உணரும்போது மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா என்ற சிறு பகுதி விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமெடுத்து, காது கூர்மையாகிறது. ஆபத்து போனதும் இது அடங்கிவிட வேண்டும். ஆனால் ஆபத்து ஆண்டுக்கணக்கில் தொடரும்போது நாம் அதற்கென்று சில பழக்கங்களை உருவாக்கிக்கொள்கிறோம்: இரவில் எழுந்து காற்றைப் பார்ப்பது, தோப்பை விட்டு நகராமல் இருப்பது, எந்தச் செலவைக் கேட்டாலும் முதலில் மறுப்பது. நாம் எழுந்து பார்க்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை. உடனே மனம், "பார்த்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை" என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. இப்படியே உங்களைக் காப்பாற்றிய அதே பழக்கங்கள், காப்பாற்ற வேண்டிய தேவை தீர்ந்த பின்னும் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இதில் உங்கள் குணக்கேடு எதுவும் இல்லை. நன்றிகெட்ட மனமும் இல்லை.

ஆகவே முதல் வேலை, மூன்று மணிக்குக் கைப்பேசியைத் தொடாமல் இருப்பது. வானிலையே பார்க்காதீர்கள் என்று ஒரு விவசாயிக்குச் சொல்லும் அளவுக்கு நான் அறியாதவன் இல்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். கடலூருக்கு உண்மையிலேயே எச்சரிக்கை இருக்கும் நாட்களில் மட்டும் கூடுதலாகப் பார்க்கலாம். யூடியூபில் "அடுத்த புயல் இதுதான்" என்று மாதத்துக்கு ஒருவர் பயமுறுத்துவதை அடியோடு விட்டுவிடுங்கள். இரவில் கைப்பேசி, படுக்கும் அறைக்கு வெளியே, எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, இரவின் பின்பாதியில் எல்லாருக்குமே தூக்கம் மெலிதாகிறது. வயது ஏற ஏற இன்னும் மெலிகிறது. விழிப்பு வருவதில் வியப்பில்லை. விழித்ததும் என்ன செய்கிறோம் என்பதுதான் அதைப் பழக்கமாக்குகிறது. இன்னொன்றையும் பாருங்கள்: எட்டரைக்கே படுத்துவிடுகிறவர் மூன்று மணிக்கு விழித்தால், அவர் ஏற்கெனவே ஆறரை மணி நேரம் தூங்கியிருக்கிறார். நீங்கள் அப்படியென்றால் படுக்கும் நேரத்தைப் பத்து மணிக்குத் தள்ளுங்கள். சுமார் இருபது நிமிடம் விழித்தே கிடப்பதாகத் தோன்றினால் எழுந்து திண்ணையில் போய் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பி வந்து படுங்கள். எந்த நேரத்தில் தூங்கினாலும் எழுவது மட்டும் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். மாலை நான்குக்கு மேல் டீ வேண்டாம். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் போக வேண்டாம்.

இதைச் செய்வதற்கு முன்பாகவோ கூடவோ, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். 56 வயதில், இரவில் விழிப்பு வர சர்க்கரை, புரோஸ்டேட், குறட்டையோடு மூச்சுத் தடைபடுதல் என்று உடல் சார்ந்த காரணங்களும் இருக்கக்கூடும். மதுப் பழக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை. இருந்தால், அது தூங்க வைப்பதுபோல வைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது, வெளியூரில் ஓர் இரவு. இதற்கு நல்ல காலம், கொட்டை பொறுக்கி முடித்த பிறகு வரும் ஆனி மாதம். புயல் காலத்தில் முயல வேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு தாளில், நான் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நீங்கள் அஞ்சுவதை விவரமாக எழுதுங்கள்: மோட்டார் திருடு போகும், மாடு புகுந்துவிடும், தீப்பிடிக்கும், எதுவானாலும் சரி. ஓர் இரவு மகள் வீட்டில் தங்கித் திரும்பி வந்த பின், பக்கத்திலேயே என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். உள்ளே இருக்கும் கணக்கப்பிள்ளை வாய் வார்த்தையை நம்ப மாட்டார். இப்படிக் கையெழுத்துப்போட்ட சீட்டு நான்கைந்து சேர்ந்தால்தான் கொஞ்சம் இறங்கி வருவார். முதல் இரவு தூக்கமே வராமல் போகலாம். அதனால் முயற்சி வீண் என்று எண்ண வேண்டாம்.

இனி மஞ்சள் கயிற்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கடன் வாங்கியது, அடகு வைத்தது, அடைத்தது எல்லாம் ஒரு நல்ல பொறுப்பாளியின் கடிதத்தில் இருப்பதுபோல் தெளிவாக இருக்கிறது. "கடைசிக் கடனும் அடைந்தது" என்று எழுதுகிறீர்கள். அதற்கு நான்கைந்து வரிகள் முன்னால், ஏலத்தில் போன நகையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளையும் நீங்களே அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். வட்டிக்குக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் கடன் திரும்பிவிட்டது; வட்டி கேட்காமல் கொடுத்தவர் ஒருவரின் பெயர் மட்டும் நோட்டில் ஏறவே இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவர் கேட்டதும் கடனைத் திருப்பிக்கொடு என்றுகூட இல்லை. கடைக்குப் போகலாமா என்றுதான் கேட்டார். நீங்கள் கத்தியதற்குக் காரணம் கருமித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி, ஏலச் சீட்டு வந்த நாளின் அவமானத்தைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். ஆண்கள் பலருக்கு, நம் பக்கத்தில் குறிப்பாக, அவமானம் கோபமாகத்தான் வெளியே வரத் தெரியும். (என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். நானும் சில சமயம்.)

இதற்கு நாளைக்கே போய் ஐந்து சவரன் வாங்கிவிடுவது பதிலாகாது. தங்கம் இன்று விற்கும் விலையில் அது உங்களால் முடியுமா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. அதில் நான் தலையிட முடியாது. முதலில் உட்கார்ந்து பேசுங்கள். அன்று கத்தியது தவறு என்று சொல்லுங்கள். அந்த நகை போனபோது அவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம். உறவினர் திருமணங்களில் அவர் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாரா, யாராவது கேட்டதற்கு என்ன பதில் சொன்னார், இவையெல்லாம் உங்கள் போராட்டத்தின் பாதி. அந்தப் பாதி அவரிடம் இருக்கிறது. அவர் சங்கிலியே வேண்டும் என்று சொல்லலாம். வேறு ஏதாவது சொல்லவும் கூடும்.

மகன் சொன்னது உங்களை மிகவும் காயப்படுத்தியிருக்கிறது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. தானே அடித்தபோது அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறேன். கடனைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்தீர்கள். கடனால் வந்த கோபத்தை மறைக்க முடியவில்லை. ஆக, காரணம் அறைக்குள் இருந்தது, சத்தம் மட்டும் கூடத்துக்கு வந்தது. கூடத்தில் இருந்த சிறுவனுக்கு, அப்பா காரணமே இல்லாமல் கத்துகிறவர் என்றுதானே புரியும்? புயல் கூண்டுகளில் கடைசி எண் 11. அதன் பொருள் பலருக்குத் தெரிவதில்லை. பத்தாம் எண்ணைவிடப் பெரிய புயல் என்று நினைத்துக்கொள்வார்கள். வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான் 11. உங்கள் இருவருக்கும் நடுவே ஏறியிருப்பது அந்தக் கூண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

அதை இறக்குவதற்கு "உனக்காகத்தான் இவ்வளவும் செய்தேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வாக்கியம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், கேட்கிற பிள்ளையின் கையில் ஒரு கடன் பத்திரமாகத்தான் போய் விழும். அவர் அடுத்த முறை வரும்போது தோப்புக்கு அழைத்துப் போங்கள். பழைய பலா நின்ற இடத்தைக் காட்டி, அந்தக் காலையில் நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள், முதலில் யாரிடம் பணம் கேட்டுப் போனீர்கள் என்று ஒரே ஒரு நாளின் கதையை மட்டும் சொல்லுங்கள். "நான் அதிகமாகக் கத்தியிருக்கிறேன், நீ பயந்திருப்பாய்" என்று சொல்லி, அதன் பின்னால் "ஆனால்" என்ற சொல்லைப் போடாமல் நிறுத்துங்கள். இது கடினம். பலர் அந்த "ஆனால்" வரை வந்து வழுக்கி விழுவதை என் அறையில் பார்த்திருக்கிறேன். அவர் உடனே கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்; "சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுக்கலாம். அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் பெரிய கேள்வி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, பங்காளியுடையது மானாவாரி, என் நிலத்தில் போர்க் கிணறு இருந்தது என்பது. போராடி வென்ற கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வரியை விட்டுவிடுவார்கள். முதல் இரண்டு கோடைகளில் ஒட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடிந்ததும் முடியாமல் போனதும் உறுதியில் இருந்த வேறுபாடு இல்லை. பூமிக்கு அடியில் இருந்த வேறுபாடு. அவர் விற்றுவிட்டுப் போனதும் போராட்டம்தான். நாற்பது வயதுக்கு மேல் அறியாத ஊரில் அடுத்தவர் ஆலையில் வேலை கேட்டு நின்றவரைத் தோற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லவில்லை. ஒருவேளை அவரை நினைத்துத்தான், "ஜெயித்துவிட்டாய்" என்று ஊர் சொல்லும்போது உங்களால் தலையாட்ட முடியாமல் போகிறதோ என்னவோ. அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளும்படி நான் வற்புறுத்தப்போவதில்லை. ஜெயிப்பு என்றால் எதிரில் ஒருவர் தோற்க வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் இதற்குப் பொருத்தமாக வேறு சொல் இருக்கிறது: கரையேறிவிட்டீர்கள். இருந்ததை இழந்து, இழந்ததில் ஒரு பகுதியை மீட்டு, இரண்டு பிள்ளைகளையும் கரை சேர்த்திருக்கிறீர்கள். அதற்குக் கொடுத்த விலையும் சிறிதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். பங்காளியின் தொலைபேசி எண் இருந்தால் ஒரு முறை பேசுங்கள். வெறும் நலம் விசாரிப்பு போதும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. விழிப்புடன் சேர்ந்து, எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, காரணமில்லாத அழுகை, தன்னைப் பற்றிய வெறுப்பு ஆகியவை தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு, மாத்திரை தேவைப்பட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ உடனே அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மூன்று மணி விழிப்பின்போதும் எடுப்பார்கள். கைப்பேசியை வெளியே வைக்கச் சொன்னதற்கு இது ஒன்று மட்டும் விதிவிலக்கு.

இன்றிலிருந்து இரண்டு வாரங்களுக்கு, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது விழித்தீர்கள், விழித்ததும் என்ன செய்தீர்கள் என்று கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வாருங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பி வையுங்கள்.